பந்திங்கில் ஒரு கறிவேப்பிலைக் கவாத்து

கிள்ளானிலிருந்து கூட்டரசுச் சாலை 5-ஐப் பிடித்துத் தெற்கே இறங்கினால் தெலுக் பங்ளிமா காராங், ஜெஞ்சாரோம் எல்லாம் தாண்டிப் பந்திங் வரும். கோல லங்காட் மாவட்டத்தின் தலைநகர். பூப்பந்து ரசிகர்களுக்கு இது சிடேக் சகோதரர்களின் ஊர். சரித்திரப் பிரியர்களுக்கு, சிலாங்கூர் சுல்தான் ஒரு காலத்தில் கொலுவிருந்த ஜுக்ராவுக்குப் போகும் வழி. 1905-இல் கட்டிய இஸ்தானா பண்டார் இன்றும் அங்கே நிற்கிறது. மற்ற எல்லாருக்கும் இது மோரிப் கடற்கரைக்குப் போகும்போது தேநீர் குடிக்க நிறுத்தும் இடம். நான் அந்த வாரம் அங்கே போனது இவை எதற்காகவும் இல்லை. கறிவேப்பிலை மரத்தை எப்படி வெட்டுவது என்று பார்க்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். வானொலியில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுகிற நாளில் எங்கள் தொலைபேசி ஓய்வதில்லை. ரோஜாவைப் பற்றி ஒருவர் கேட்டால் கறிவேப்பிலையைப் பற்றி ஐந்து பேர் கேட்பார்கள். கேள்வியும் ஏறத்தாழ ஒன்றே. "மரம் மேல போயிருச்சு, இலை எட்டல. வெட்டலாமா? வெட்டினா செத்துடுமா?" இந்தப் பயம் பெரும்பாலும் என் வயதுக்காரர்களுக்கும் இளையவர்களுக்கும்தான். அறுபதைத் தாண்டியவர்கள் இப்படிக் கேட்பதே இல்லை. அவர்கள் அழைப்பது பதில் சொல்ல. அப்படிப் பதில் சொன்னவர்களில் பந்திங் வட்டாரத்துக்காரர்கள் அதிகமாக இருந்ததை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் கவனித்தேன். அதனால்தான் பயணம்.

ஊருக்குள் நுழைந்து தாமான்களின் குறுக்குச் சந்துகளில் மெதுவாக வண்டியை விட்டுப் பாருங்கள். இருபதடி அகல இணைப்பு வீடுகள் வரிசையாக நிற்கும். வீட்டு வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே இரண்டு மூன்று அடி மண் இருந்தால் அதுவே பெரிது. அந்த மண்ணைப் பார்த்தே உள்ளே இருப்பது தமிழ்க் குடும்பம் என்று சொல்லிவிடலாம். ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, பூஜைக்குச் செம்பருத்தி, தொட்டியில் துளசி, மூலையில் ஒரு லீமாவ் கஸ்தூரி, அதன் காலடியில் பாண்டான். இத்தனையும் ஒரு மெத்தை அளவு இடத்தில்! மேலே சிப்பாங் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் தாழப் பறந்துகொண்டிருக்கும்.

இவர்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டம் என்றால் நமக்கு ரப்பரும் செம்பனையும் என்று பொருள். பூந்தோட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குக் காய்கறி போடத் துண்டு நிலம் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகங்களிடம் சொன்னது. சட்டம் சொன்னதால் கிடைத்ததோ, நிர்வாகம் கண்டுகொள்ளாததால் கிடைத்ததோ, லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. ஆடு கட்டினார்கள், மரவள்ளி நட்டார்கள், கறிவேப்பிலை தன் பாட்டுக்கு வளர்ந்தது. அங்கே யாரும் அதை அளந்து வெட்டவில்லை. மரம் மேலே போனால் பக்கத்தில் இன்னொரு கன்று முளைத்திருக்கும். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, தாமானுக்கு வந்தபிறகுதான் மரத்தை இடத்துக்குத் தக்கபடி அடக்கி வைக்க வேண்டிய வேலை வந்தது.

இணையத்தில் கவாத்து என்று தேடினால் வருவதெல்லாம் குளிர் நாட்டுக் கதை. பிளாக்கரண்ட் புதரை எப்படி வெட்டுவது என்று ஆயிரம் காணொளிகள். நமக்குப் பிளாக்கரண்ட் என்றால் ரிபேனா, அவ்வளவுதான். அந்தப் பெயரே அந்தச் செடியின் தாவரவியல் பெயரான ரைபீஸ் என்பதிலிருந்து வந்தது. 1938-இல் பிரிட்டனில் சந்தைக்கு வந்த பானம் அது. உலகப் போரில் கப்பல்கள் தடைபட்டு ஆரஞ்சு கிடைக்காமல் போனபோது, வைட்டமின் சி-க்காக அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பிளாக்கரண்ட் சாறு கொடுத்தார்கள். அந்தப் புதரைக் குளிர்காலத்தில், இலையெல்லாம் கொட்டி அது தூங்கும்போது வெட்ட வேண்டும். முந்தைய ஆண்டு வளர்ந்த இளங்கிளையில்தான் நன்றாகக் காய்க்கும் என்பதால், ஆண்டுதோறும் கிழட்டுக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்துவிடுவார்கள். அதன் சொந்தக்காரச் செடியான ரெட்கரண்ட்டுக்கு நேர்மாறு: அது பழைய கிளையில் காய்க்கும். ஒன்றுக்குச் சொன்ன முறையை மற்றதற்குச் செய்தால் அந்த வருடம் பழமில்லை.

இங்கே குளிர்காலம் ஏது? பந்திங்கில் மரம் தூங்குவதில்லை. நமக்கு வேண்டியது பழமும் இல்லை, இலை. ஆனால் அந்தக் குளிர் நாட்டுப் பாடத்தில் ஒரு பகுதி நமக்கும் உதவும். எந்தக் கிளையிலிருந்து பலன் வருகிறது என்று தெரிந்துகொண்டு கத்தியை எடு என்கிறது அது. கறிவேப்பிலையில் நல்ல இலை புதுத் துளிரில் வருகிறது. கிழட்டுக் கொம்பில் இருப்பது தடித்து, மணம் குறைந்து, புள்ளி விழுந்த இலை. ஆகவே அறுவடையும் கவாத்தும் இங்கே ஒரே வேலை.

கவாத்து என்ற சொல்லைப் பற்றி ஒன்று. பட்டாளத்துப் பயிற்சிக்கும் தமிழில் கவாத்து என்றுதான் பெயர், செடி வெட்டுவதற்கும் அதே பெயர். இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் தேயிலை வெட்டு நாளில் புழங்குகிற சொல் அது. மலையகத்தார் 'கவ்வாத்து' என்று அழுத்திச் சொல்வார்கள். தேயிலை இயல்பில் மரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழங்கால், இடுப்பு உயரத்துக்கு வெட்டி வெட்டித்தான் அதைப் புதராக வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் தேயிலை என்றதும் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். ஆனால் இதே கோல லங்காட்டில், புக்கிட் சீடிங்கில், 'போ' நிறுவனம் சமவெளியிலேயே தேயிலை வளர்த்தது. பந்திங் பக்கம் கவாத்துக் கத்தி புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தேயிலையை விடுங்கள். ரப்பரும் செம்பனையும்கூட வெட்டுத் தொழில்தானே. இதை எனக்கு உறைக்க வைத்தவர் தாமான் ஒன்றில் நான் சந்தித்த அறுபத்தெட்டு வயது அம்மா. பதினைந்து வயதில் உளியைப் பிடித்தவர். மறைந்த கணவர் செம்பனைக் குலை வெட்டியவர். வாசலில் நாற்காலி போட்டுக்கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"பால்மரத்துல தோலத்தான் சீவணும் தம்பி. மெல்லிசா. உள்ள கட்டைய தொட்டுட்டா மரம் காயமாயிரும், அப்பறம் அந்த எடத்துல முண்டு முண்டா வரும். மறுபடி அங்க வெட்ட முடியாது. தண்டல் வந்து வெரல வச்சிப் பாப்பாரு."

அவர் சொன்னதில் ஒரு விஞ்ஞானமே இருக்கிறது. ரப்பர் மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. புதுப் பட்டையைச் செய்வது அதுதான். சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டாமல், அந்தப் படலத்தைத் தொடாமல், இடப்பக்கம் மேலாக வலப்பக்கம் கீழாகச் சரிவாக இழுக்க வேண்டும். விடியும் முன் இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில். செம்பனையில் வேறு கணக்கு. குலையை எடுக்க வழியை மறைக்கும் மட்டையை வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் மிச்சமிருக்கும் குலைகளுக்குக் கீழே இரண்டு மட்டையாவது விட்டுவைக்க வேண்டும். அதிகம் வெட்டினால் மரம் பட்டினி கிடக்கும், விளைச்சல் குறையும். எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை உடம்பாலேயே கற்றுக்கொண்ட மக்கள் இவர்கள். அவர்கள் வானொலிக்கு அழைத்துப் பதில் சொல்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த அம்மாவின் கறிவேப்பிலை தோட்டத்திலிருந்து வந்தது. லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, தாய்மரத்தின் வேரிலிருந்து முளைத்திருந்த கன்றைத் தோண்டி ஒரு மைலோ டின்னில் வைத்து, லோரியில் சாமான்களுக்கு நடுவே மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். சாமி படத்தைக்கூட மகனிடம் கொடுத்துவிட்டார். இப்போது அந்த மரம் வாசல் கூரையைத் தொடுகிறது. அந்த மகன் வளர்ந்து, கல்யாணமாகி, இரண்டாவது கார் வாங்கியிருக்கிறார். கார் நிற்க இடம் வேண்டும். சிமெண்ட் போட ஆள் பேசியாயிற்று. மரம் இருப்பது சரியாகச் சக்கரம் ஏறும் இடத்தில்.

மகனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருகிறவர், சாலையோரத்தில் காரை விட்டுவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வருமா? அவர் சொன்னதும் நியாயம்தான்: "இலை பசார்ல கெடைக்குதே சார்."

கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் ஒன்று. விற்பனைக்கு வளர்க்கும் கறிவேப்பிலைக்குப் பூச்சிமருந்து அதிகம் அடிக்கிறார்கள் என்ற புகார் புதிதல்ல. இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் மருந்து எச்சத்துக்காகத் தனிச் சோதனைப் பட்டியலில் வைத்தது. வீட்டு மரத்தில் என்ன அடித்தோம் என்பது நமக்குத் தெரியும்.

அம்மாவும் மகனும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சிமெண்ட் ஓரத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு மண்ணை விடுவது. மரத்தின் அகலம் அந்தச் சதுரத்தைத் தாண்டக் கூடாது. உயரம் காரின் கண்ணாடியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் ஒரு கிளை நீண்டாலும் மரம் போய்விடும். ஆக, இது அழகுக்குச் செய்யும் கவாத்து இல்லை. நான் போனது அந்த முதல் வெட்டு நாளில்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்த காலை. நம் பக்கம் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். அந்த மழை தொடங்கும் சமயம் வெட்டினால் துளிர் வேகமாக வரும், ஆனால் வெட்டும் நாள் காய்ந்திருக்க வேண்டும், வெட்டுவாயில் தண்ணீர் நின்றால் அழுகும் என்றார் அம்மா. பாராங்கை எடுக்கவில்லை. அது நசுக்கும், பிளக்கும். மகன் வாங்கித் தந்த கிளை வெட்டும் கத்தரியும் சின்ன ரம்பமும். இரண்டையும் கொதிநீரில் கழுவித் துடைத்தார். முதலில் காய்ந்தது, உள்நோக்கி வளர்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாம் போயிற்று. பிறகு நடுத்தண்டு. இடுப்பு உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் வழியும்படி சரிவாக. ரம்பம் ஓடும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாமல் சாய்ந்தது. தெரு முழுக்க வாசம்.

இளங்கன்றாக இருந்தால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கறிவேப்பிலையைப் பயிராகப் போடுகிறவர்கள், கன்று ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். கீழிருந்து ஐந்தாறு கிளைகள் விடும். பிறகு உயரம் தானாகவே அடங்கும். வீட்டில் நாம் செய்வது தலைகீழ். தாளிக்கும் அவசரத்தில் கைக்கெட்டும் இலையை மட்டும் ஈர்க்கோடு உருவிக்கொண்டு ஓடுகிறோம். நுனி தப்பித்து மேலே மேலே போகிறது, கீழே மொட்டைக் கொம்பு. இலையாக உருவாமல் நுனியோடு சேர்த்து ஒரு சாண் கொம்பாக வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு மூன்று துளிர் வரும். பூமொட்டு கண்டாலும் கிள்ளிவிட வேண்டும். பூவும் பழமும் வந்தால் மரத்தின் சத்து அங்கே போய்விடும். பொழுது சாய்ந்தபின் கறிவேப்பிலை பறிக்கக் கூடாது என்று நம் பாட்டிகள் சொன்னதற்கு அறிவியல் தேடி அலைய வேண்டாம். இருட்டில் பூச்சி, பாம்பு எதுவும் தெரியாது என்பதே போதும்.

பழத்தை விட்டால் இன்னொரு வேடிக்கை. குயிலும் கொண்டைக்குருவியும் கறுத்த பழத்தைத் தின்று சாக்கடை ஓரமெல்லாம் விதைத்துவிடும். பந்திங் தாமான்களில் யாரும் நடாத கறிவேப்பிலைகள் எத்தனையோ. தாவரவியலாளர்கள் இந்த மரத்தின் பெயரில் 'கோனிகி' என்று சேர்த்திருப்பது யோஹான் கோனிக் என்பவரின் நினைவாக. லின்னேயஸின் மாணவர், தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் மருத்துவராக இருந்தவர். அவரே 1779 வாக்கில் சயாமுக்கும் மலாக்காவுக்கும் செடி தேடிக் கப்பலேறி வந்திருக்கிறார். தரங்கம்பாடி வாசம் அவரோடு இந்தப் பக்கம் அப்போதே வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வாசலில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நின்ற லீமாவ் கஸ்தூரி. இரண்டும் ஒரே குடும்பம். எலுமிச்சை இனத்தைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும் ஒரு குட்டிப் பூச்சிக்கு இரண்டுமே விருந்து. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். விரியாத இளந்துளிரில்தான் முட்டையிடும். கறிவேப்பிலைக்கு அந்த நோயால் ஒன்றும் ஆகாது. லீமாவ் தான் சாகும்: இலை ஒழுங்கில்லாத மஞ்சள் திட்டாகும், காய் கோணலாகும், மருந்து கிடையாது. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005-இல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஆரஞ்சுத் தோப்புகளைப் பெரிதும் அழித்தது. அதனால்தான் அங்கே கறிவேப்பிலைச் செடியை இடம்விட்டு இடம் கொண்டுபோகவே கட்டுப்பாடு.

இதை நம் வாசலுக்குக் கொண்டுவந்தால் பொருள் இதுதான். கவாத்து செய்த இரண்டாம் மூன்றாம் வாரம் துளிர் வரும்போது ஆபத்தும் வரும். துளிரில் மெழுகு போன்ற வெள்ளை நூல் தெரிந்தால் அந்த நுனியைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள், மற்றதைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். பறவை எச்சம் போலவும் பிறகு பச்சையாகவும் இருக்கும் புழு வேறு. அது வண்ணத்துப்பூச்சிக் குட்டி. இரண்டு மூன்று இருந்தால் தின்றுவிட்டுப் போகட்டும். லீமாவைத் தள்ளி வைப்பது நல்லது. அம்மா தொட்டியோடு பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்.

முருங்கையைப் பற்றியும் கேட்பீர்கள். ஒடித்து வளர்க்கச் சொல்கிற பழமொழியின் முதல் பாதி சரி, பிள்ளையை அடிக்கச் சொல்லும் மறுபாதியை விட்டுவிடுவோம். முருங்கைக் கட்டை சத்தில்லாதது, புயல்காற்றில் பக்கத்து வீட்டுக் காரின் மேல் விழும். பெரியகுளத்தில் உருவாக்கிய பிகேஎம் 1 ரகத்தையே, காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் வெட்டி மறுபடி துளிர்க்க விடுகிறார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

வெட்டிய கறிவேப்பிலை என்னவாயிற்று? அன்று மதியத்துக்குள் ஒரு கொத்து மிச்சமில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா மீன்தலைக் கறிக்கு ஒரு கட்டு வாங்கிப் போனார். மூலைவீட்டுச் சீனத் தாத்தா, தன் கோழிக்கறிக்கு இதுதான் ரகசியம் என்று மலாயில் சொல்லிவிட்டு இரண்டு கட்டு எடுத்தார். கோயிலில் அன்னதானத்துக்கு ஒரு பை. எனக்கும் ஒரு பை. நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒலிக்கூடத்தில் வைத்ததும் சக ஊழியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இடுப்பளவு கட்டையாக நின்ற மரத்தின் அடியில் அம்மா மக்கிய சாணம் போட்டார், மறுநாளிலிருந்து அரிசி கழுவின தண்ணீர் என்றார். பந்திங்கின் களிமண்ணில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் சதுரத்தைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் மேடாக்கச் சொல்லி மகனிடம் கேட்டார். அவர் பேசாமல் மண்வெட்டியை எடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, நிகழ்ச்சி நேரத்துக்கு வெளியே ஓர் அழைப்பு வந்தது. அம்மாதான். சிமெண்ட் காய்ந்துவிட்டதாம், கார் ஏறி நிற்கிறதாம். மகன் தினமும் வேலையிலிருந்து வந்ததும் கைப்பேசி வெளிச்சத்தில் மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாராம்.

"எத்தன துளிரு விட்டிருக்கு தெரியுமா தம்பி? பதினொன்னு. கதவு பக்கம் போறது ஒன்னு இருக்கு, அத மட்டும் நாளைக்கு எடுத்துடணும்."